மூன்று கை உப்பு

நத்தார் கிறிஸ்தவர்களுக்கு மட்டுந்தான் என்று நினைக்கிற ஆட்கள் டிசம்பர் மாதத்தில் ஒருதரம் ரோவில் என்கிற புறநகருக்கு வந்து சயந்தினியின் வீட்டைப் பார்க்க வேண்டும். சாமியறையில் பிள்ளையார். பிள்ளையாருக்கு நேரெதிரே ஹோலில் ஒரு பிளாஸ்டிக் மரம், அதன் உச்சியில் ஒரு பக்கம் சரிந்துபோன நட்சத்திரம். பரம்பரையில் ஒருவரும் தேவாலயப் பக்கம் போனதில்லை. இருந்தாலும் தைப்பொங்கலுக்குப் படாத பாட்டை அந்த வீட்டில் நத்தாருக்குப் பட்டார்கள்.

ஏன் என்று கேட்டால், நாடு அப்படி. அன்றைக்குக் கடை கண்ணி இல்லை, றோட்டில் சனம் இல்லை. எல்லாரும் தங்கள் தங்கள் சொந்தபந்தத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். சயந்தினியும் சுஜீதனும் கலியாணம் முடித்த புதிதில், சுஜீதனுக்குத் தூரத்துச் சொந்தமான பவளம் அன்ரியும் அவருடைய கணவர் நித்தியானந்தன் அங்கிளும் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். "போக ஒரு இடமும் இல்லைப் பிள்ளை. யன்னலால றோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறம்" என்று நத்தார் அன்று காலையில் அன்ரி போனில் சொல்ல, "அப்ப எங்கட வீட்டை வாங்கோவன்" என்று சயந்தினி சொல்லிவிட்டாள். சொன்ன வாயை என்ன செய்வது! அடுத்த வருசம் அவர்களோடு இன்னும் இரண்டு குடும்பம். அதற்கடுத்த வருசம் சிறி. படகில் வந்து, பெண்சாதி பிள்ளையை வவுனியாவில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கிறவன். இப்போது நத்தார் மதியம் என்றால் சயந்தினி வீடு, ஆட்டிறைச்சிக் கறி, மஞ்சள் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய். வாருங்கள் என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை, வருகிறோம் என்று ஒருவரும் சொல்வதுமில்லை.

சயந்தினிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. விடியற்புறம் போய் வயசானவர்களைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, நாரி முறிய வேலை செய்துவிட்டு நேரே பிள்ளைகளை ஏற்றப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். சுஜீதன் ஒரு பண்டசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். டிசம்பரில் ஊரே பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கும், அத்தனை பெட்டியும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருந்தபடியே குறட்டை விடுவான். அவனைக் குறை சொல்லியும் வேலையில்லை.

பள்ளிக்கூடமும் இங்கே டிசம்பரில்தான் முடியும். ரீச்சருக்குப் பரிசு, வகுப்புப் பார்ட்டிக்குத் தின்பண்டம், கொன்சேர்ட்டுக்குச் சிவப்புத் தொப்பி. அது முடிய நடன வகுப்பின் ஆண்டுவிழா, தமிழ்ப் பள்ளியின் ஒளிவிழா. போதாததற்கு விரதம். இரண்டு வருசத்துக்கு முன்னர் பிரஷர் கூடிப்போச்சு, கவனமாக இரு என்று டொக்டர் எச்சரித்தபோது சயந்தினி குளிசையும் எடுத்தாள், பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தாள். பிள்ளையார் கதை விரதம், இருபத்தொரு நாளும் மச்சம் மாமிசம் நாக்கில் படக்கூடாது. கடைசி நாள் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணியோடு இருக்க வேண்டும். அந்தக் கடைசி நாள் இந்த வருசம் நத்தார் அன்றைக்கே வந்து விழுந்தது.

இதெல்லாம் அவளுக்குப் பழகின பாடுதான். அவளைப் போட்டு உலுப்பியது வேறொன்று. ஒரு நாள் காலையில், வேலைக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில், மூத்தவள் மிதுஷா வந்து, "அம்மா, டுடே இஸ் கிளாஸ் பார்ட்டி. ஏதாவது கொண்டுபோக வேணும்" என்றாள்.

"இப்பவோ சொல்லுறாய்? நேற்று முழுக்க வாயில என்ன கொழுக்கட்டையே இருந்தது?"

"ஐ டோல்ட் யூ. நீங்கள் போனில கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்."

"எதிர்த்துக் கதைக்காதை! ஒரு மனுசி எத்தினையைப் பார்க்கிறது? உனக்குக் கண் தெரியேல்லையே? விசர் வருகுது எனக்கு!"

சின்னவள் ஆதிரை பயத்தில் அழத் தொடங்கிவிட்டாள். மிதுஷா அழவில்லை. சப்பாத்தைக் கொழுவியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஐ ஹேட் கிறிஸ்மஸ். கிறிஸ்மஸ் வந்தா அம்மா கத்திக்கொண்டே இருப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். பத்து வயசுப் பிள்ளை.

சயந்தினிக்கு அந்தச் சொல் நெஞ்சுக்குள் இறங்கி அங்கேயே இருந்துவிட்டது. அன்றைக்குப் பின்னேரம் மகளைக் கிட்ட இருத்தி, "நத்தாருக்கு முதல்நாள் உன்னை லைட்ஸ் பார்க்கக் கூட்டிக்கொண்டு போறன். இந்த முறை மெய்யாக் கூட்டிக்கொண்டு போவன்" என்றாள். பக்கத்தில் ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு மின்விளக்குப் போடுவார்கள். ஒவ்வொரு வருசமும் போவோம் என்று சொல்வதும், வெங்காயமும் இறைச்சியும் அதை விழுங்கிவிடுவதும் வழக்கமாய்ப் போயிருந்தது. மிதுஷா எழும்பித் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கிழமையே இல்லத்தில் வேலையாட்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். நத்தார் காலத்து மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று திரையில் ஒரு பெண்மணி சிரித்த முகத்தோடு விளக்கினார். வேலையைப் பகிர்ந்து கொடுங்கள். எல்லாம் திறமாக வரவேண்டும் என்று நினைக்காதீர்கள். முடியாததை முடியாது என்று அன்பாகச் சொல்லப் பழகுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். சயந்தினியும் இழுத்து விட்டாள். விடும்போது கொட்டாவி வந்தது.

பக்கத்தில் இருந்தவள் சத்தியபாமா, மதுரைக்காரி, இரண்டு பேரும் ஒரே ஷிப்ட். தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் அவள் பிடித்துக்கொண்டாள்.

"அந்தம்மா சொல்றது சரிதாங்க. நீங்க முடியாதுன்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. யாரு ஷிப்ட் மாத்தித் தாங்கன்னு கேட்டாலும் சரிங்கிறீங்க. இந்த ஒரு வருஷம் விருந்து வேணாம்னு சொல்லிப் பாருங்களேன்."

"சொல்லலாம். ஆர் சொல்லுறது? பவளம் அன்ரிக்கு எப்பிடிச் சொல்லுறது? மனம் நொந்து போவா."

"உங்க மனசு நோகலையா?"

"அது… அது வேற."

"என்னங்க வேற? ஒரு போன்தானே. நான் வேணா பேசவா?"

"ஐயோ வேண்டாம். நீங்கள் கதைச்சால் அவ நாளைக்கே வெளிக்கிட்டு வந்து நிண்டு அழுவா" என்று சயந்தினி சிரித்தாள். சிரித்தாலும் அன்று பின்னேரம், பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தியபடி போனை எடுத்தாள்.

"அன்ரி, ஒரு விசயம் கதைக்கத்தான் எடுத்தனான்."

"சொல்லு பிள்ளை. நானும் எடுப்பம் எண்டுதான் இருந்தனான். இறைச்சி போன முறை எடுத்த கடையில எடுக்காதை. முழுக்க எலும்பு."

"அதில்லை அன்ரி. இந்த முறை விரதத்தின்ர கடைசி நாள் நத்தார் அண்டைக்குத்தான் வருது. அதுதான்…"

"அட பிள்ளையாரே! அப்ப நீ அண்டைக்கு ஒண்டும் வாயில வைக்கேலாதே!"

"ஓம் அன்ரி. அதுதான் யோசிச்சனான், இந்த முறை…"

"நீ ஒண்டும் யோசியாதை. நான் முதல்நாளே வாறன். கறியை வெளிக் குசினியில வைச்சு இறக்கிப்போட்டு கராஜ் பிரிஜ்ஜுக்குள்ள வைப்பம். அடுத்தநாள் சுஜீதன் சூடு காட்டட்டும். நீ காலமை முழுகிப்போட்டு மோதகத்தை மட்டும் பார்."

"உங்களுக்குக் கரைச்சலெல்லே அன்ரி?"

"எனக்கென்ன கரைச்சல்? நீ வருசா வருசம் எவ்வளவு ஆசையாச் செய்யிறாய். அதைக் குழப்பலாமே? வை பிள்ளை, அடுப்பில பருப்புக் கிடக்கு."

சயந்தினி போனை மடியில் வைத்தாள். முடியாது என்று சொல்லப் போனவள், முதல்நாளுக்கும் ஒரு விருந்தாளியைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். நல்ல கெட்டிக்காரிதான்!

இங்கே டிசம்பர் என்றால் கோடை, இருபத்து நாலாம் திகதி வெய்யில் கொளுத்தியது. வடக்கிலிருந்து வீசுகிற அனல் காற்று, முகத்தில் ஈ. கராஜுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன இடம்தான் வெளிக் குசினி. வீட்டுக்குள் கம்பளத்தில் இறைச்சி மணம் ஏறக்கூடாது என்றும், விரத நாளில் உள்ளடுப்பில் மச்சம் படக்கூடாது என்றும் போட்டது. அதற்குள் நின்று சயந்தினி வேலையால் வந்த களையோடு இறைச்சி வெட்டினாள், கழுவினாள், மஞ்சளும் தூளும் போட்டுப் பிரட்டினாள். பவளம் அன்ரி கதிரை போட்டு இருந்து வெங்காயம் உரித்தார். கையைவிட வாய் கூடுதலாக வேலை செய்தது. யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யாருடைய வீடு விலைக்குப் போகிறது, யாருடைய மகன் சொல்லாமல் கொள்ளாமல் மொட்டை அடித்தான் என்று ஒவ்வொன்றாக வந்தது. சயந்தினி ஓம் ஓம் என்றாள். பெரிய சட்டியில் இறைச்சி அவிந்துகொண்டிருந்தது. வழமையாக ஒரு துளி உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பாள். விரதம் என்றபடியால் இந்த முறை அதுவும் இல்லை.

இருட்டுப் படத் தொடங்க மிதுஷா வாசலில் வந்து நின்றாள். தலை இழுத்து, செருப்பும் போட்டு ஆயத்தமாக வந்திருந்தாள்.

"அம்மா. லைட்ஸ்."

"இப்ப என்ன அவசரம் பிள்ளை? கறி அடுப்பில கிடக்கு, அம்மாவுக்கு வேலை. நாளைக்குப் போகலாம்" என்றார் அன்ரி.

சயந்தினிக்குக் கண்ணுக்குள் வியர்வை. நாரி வலித்தது. கத்தரிக்காய் இன்னும் வெட்டவில்லை, தேங்காய்ப் பால் பிழியவில்லை, மோதகத்துக்குப் பயறு வறுக்கவில்லை. 'கொஞ்சம் பொறு எண்டால் விளங்காதே உனக்கு' என்கிற சொல் வாய்வரை வந்துவிட்டது. நிமிர்ந்தாள். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வரப்போகிற ஏச்சுக்கு முகத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

"அன்ரி, கறியை ஒருக்காப் பாருங்கோ. நாங்கள் போட்டு வாறம்."

"எங்கை? இப்பவோ? மெய்யே பிள்ளை, உப்பு…"

அவர் கேட்டு முடிக்கமுதல் சயந்தினி கையைக் கழுவி, ஆதிரையையும் தூக்கி, காரில் ஏறிவிட்டாள். போகிற வழியில்தான் அவளுக்கே அந்தரமாய் இருந்தது. உப்புப் போட்டேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அன்ரிக்கு எடுத்தால் போன் அவருடைய ஹாண்ட்பாக்குக்குள் கிடந்து தனக்குத்தானே பாடும். காரை ஓரமாக நிறுத்தி, வேலை முடிந்து வரப்போகிற சுஜீதனுக்கு, 'இறைச்சிக்கு உப்புப் போடேல்லைப் போல கிடக்கு. வந்தவுடன போட்டு விடுங்கோ' என்று செய்தி அனுப்பினாள். அதோடு மனம் ஆறியது.

தெரு முழுக்க விளக்கு. ஒரு வீட்டுக் கூரையில் நத்தார் தாத்தாவின் வண்டியைக் கங்காருக்கள் இழுத்துக்கொண்டு நின்றன. ஆதிரை கூவிக் கூவி ஓடினாள். மிதுஷா முதலில் பேசாமல்தான் நடந்தாள். பிறகு கையைப் பிடித்தாள். பிறகு ரீச்சரைப் பற்றி, சிநேகிதியைப் பற்றி, நீச்சல் வகுப்பில் தான் பயந்ததைப் பற்றி வாய் ஓயாமல் கதைத்தாள். இவ்வளவு கதை இந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் எங்கே கிடந்தது? தெற்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று எழும்பி வெக்கையை அடித்துக்கொண்டு போனது. சயந்தினிக்கு அழுகை வந்தது, சந்தோசத்தாலும்தான், களைப்பாலும்தான்.

அடுத்தநாள் மதியம் வீடு நிறைந்தது. ஹோலிலும் குசினியிலும் பின் வளவிலுமாகச் சனம். சயந்தினி முழுகி, வெறும் வயிற்றோடு சோற்றுக்குக் கரண்டி பிடித்தாள். இறைச்சிச் சட்டிக்குச் சுஜீதன் பொறுப்பு.

"எப்பிடி அன்ரி கறி? நான் வாயில வைக்கேல்லை."

"எப்பவும்போல நல்லாயிருக்குப் பிள்ளை" என்றார் பவளம் அன்ரி.

"சோக்கா இருக்கக்கா" என்றான் சிறி. சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான். நித்தியானந்தன் அங்கிள் தண்ணிக்கு எழும்பினார், வந்து இருந்தார், மறுபடி எழும்பினார். அவர் அதிகம் வாய் திறக்காத மனிசன். எல்லாரும் சிரித்த முகத்தோடு சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

மிதுஷா மட்டும் ஒரு வாய் வைத்தாள். வைத்ததைக் கடதாசியில் துப்பினாள். வீடு முழுக்கக் கேட்கிற குரலில், "அம்மா, திஸ் இஸ் சோ சோல்ரி!" என்றாள்.

"சும்மா இரு பிள்ளை. அம்மா கஷ்டப்பட்டுச் சமைச்சது" என்று அன்ரி அதட்டினார்.

சயந்தினி குப்பை வாளியைத் திறந்து பார்த்தாள். தட்டுக்குத் தட்டு, சோற்றுக்குக் கீழேயும் கடதாசிக்குக் கீழேயும் இறைச்சி ஒளித்துக் கிடந்தது.

"அன்ரி, என்னைப் பார்த்துச் சொல்லுங்கோ. கறி நல்லாயிருக்கோ?"

பவளம் அன்ரி தட்டைப் பார்த்தார். "கொஞ்சம்… உப்புக் கூடிப்போச்சுப் பிள்ளை."

"கொஞ்சமோ?" என்றார் அங்கிள். "வாய் வெந்துபோச்சு."

"நீ கேக்காமல் ஓடினாயெல்லே. உப்புப் போடேல்லை எண்டு நினைச்சு நான்தான் ஒரு கை போட்டனான்" என்றார் அன்ரி.

"ஐயோ, நானும் போட்டனே! நீதானே சயந்தி மெசேஜ் அனுப்பினனீ?" என்றான் சுஜீதன்.

"ஒரு துளி வாயில வைச்சுப் பார்த்திருக்கலாமே?" என்றாள் சயந்தினி.

"பஞ்சியாக் கிடந்தது. கேக்க அன்ரியும் குசினியில இல்லை. போட்டுக் கிண்டிப்போட்டுப் படுத்திட்டன்."

அப்போதுதான் சயந்தினிக்கு ஞாபகம் வந்தது. மஞ்சளும் தூளும் பிரட்டும்போது அவளும் ஒரு கை போட்டவள்தான். யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"எப்பவும்போல எண்டு சொன்னியள் அன்ரி. அப்ப எப்பவும் இப்பிடித்தானோ? எப்பவும் பொய்தான் சொன்னனீங்களோ?"

"சீச்சீ, அப்பிடியில்லை…"

"உண்மையைச் சொல்லன் பவளம்" என்றார் அங்கிள். "பிள்ளை, எனக்கு ஆட்டிறைச்சி சாப்பிட வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லி எத்தினையோ வருசம். ராவில நெஞ்சு எரியும். கார் ஓடவும் இப்ப கண் பத்தாது. வராட்டி நீ மனம் நொந்து போவாய் எண்டு இவ சொல்லுவா. அதுக்காகத்தான் வாறது."

சிறி தலையைச் சொறிந்தான். "அக்கா, நான் பேக்கரியில இரவு வேலை முடிச்சுப் படுக்காம நேர வாறனான். நீங்கள் கோவிப்பியள் எண்டு."

"நீயும் ஆசையாச் செய்யிறாய் எண்டுதான் நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று சுஜீதன் மெதுவாகச் சேர்த்தான்.

"ஆசையோ?" சயந்தினி வாளியை மூடினாள். "ஒரு வருசமும் எனக்கு ஆசையா இருக்கேல்லை. நீங்கள் எல்லாரும் மனம் நொந்து போவியள் எண்டுதான் செய்தனான். எனக்குக் களைப்பு அன்ரி. சரியான களைப்பு. கத்திக் கத்தி இந்தப் பிள்ளையளுக்கு நத்தாரையே வெறுக்கப் பண்ணிப்போட்டன். என்னால இனி ஏலாது."

சொல்லிவிட்டாள். அன்பாகச் சொல்லப் பழகுங்கள் என்று அந்தப் பெண்மணி சொன்னதெல்லாம் நினைவில் இல்லை, மூக்கு ஒழுக அழுதுகொண்டுதான் சொன்னாள். பவளம் அன்ரி தன் சேலைத் தலைப்பால் அவளுடைய முகத்தைத் துடைத்தார். "சொல்லியிருக்கலாமே என்ர பிள்ளை. சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு ஒவ்வொருவராக, பாரம் இறங்கின ஆட்களாய், இனி இதெல்லாம் வேண்டாம், அவரவர் வீட்டில் ஆறுதலாக இருப்போம் என்றார்கள். எல்லாருக்கும் சம்மதம். ஒருவருக்கும் கோபமில்லை. இருந்தாலும் ஒருவரும் எழும்பவில்லை.

கனநேரம் கழித்து நித்தியானந்தன் அங்கிள் கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

"அப்ப வாற வருசம் அண்டைக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

சிறி யன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே றோட்டில் ஒரு குருவி இல்லை. இந்தப் பெரிய நகரத்தில் இன்றைக்குத் தட்டக்கூடிய கதவு அவனுக்கு இது ஒன்றுதான். சயந்தினி அவனையும் பார்த்தாள், அங்கிளையும் பார்த்தாள்.

"வாங்கோ. வராம விட்டிடாதேங்கோ, எனக்கும் வேற ஆர் இருக்கினம்?" என்றாள். "ஆனால் நான் சமைக்கமாட்டன்."

"அப்ப என்னத்தைச் சாப்பிடுறது?" என்றான் சுஜீதன்.

"என்ர காருக்குள்ள பாண் கிடக்கு. விடியப்புறம் போட்டது" என்று சிறி எழும்பினான். "இப்பவே கொண்டுவாறன். எல்லாருக்கும் பசிதானே?"

அங்கிளும் எழும்பினார். "தேங்காய் எங்க கிடக்கு? நான் சம்பல் இடிக்கிறன்."

"உங்களுக்கோ? சம்பல் இடிக்கத் தெரியுமோ?" என்று பவளம் அன்ரி வாயைப் பிளந்தார்.

"தெரியாட்டிப் பழகிறன். உப்பை மட்டும் ஒருத்தரும் தொடாதேங்கோ."

தேங்காயை எடுத்துக் கொடுக்கச் சயந்தினி எழும்பினாள். பவளம் அன்ரி தோளைப் பிடித்து அழுத்தினார். "இரு. பூசைக்கு இன்னும் நேரம் கிடக்கு. மோதகத்தை நான் பிடிக்கிறன்." குசினியில் தேங்காய் உடைக்கிற சத்தம், பாணை எந்தப் பக்கத்தால் வெட்டுவது என்று இரண்டு ஆம்பிளைகளும் படுகிற சண்டை, யாரோ போட்ட பாத்திரம். எந்த அலுமாரித் தட்டில் எது கிடக்கிறது என்று போய்ச் சொல்லச் சயந்தினிக்குக் கால் துடித்தது. இருந்தாள். கையை மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

அங்கிள் உப்பு எங்கே என்று குசினியிலிருந்து உரத்துக் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டபடி அகப்பையோடு ஹோலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் சிறியும் வந்தான். கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்த மிதுஷா விரலை வாயில் வைத்து அவர்கள் இரண்டு பேரையும் முறைத்தாள்.

"ஷ்ஷ். ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ. அம்மா நித்திரை" என்றாள்.